அய்யன் வாங்கிய நாலணாக் கோடாலி

பிள்ளைகளே,

போன மாதம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என்னைப் பெற்ற அய்யனைப் பற்றி, உங்கள் அப்பாருவைப் பற்றி நீங்கள் பேசிச் சிரித்தது என் காதில் விழுந்தது. கோடாலியைக் கண்டால் அவர் எழுந்து ஓடிவிடுவாராம். விறகு பிளக்க வந்த ஆளைக்கூட, "அக்கட்டப் போயிப் பொளந்துட்டு வாப்பா" என்று தோட்டத்துக் கடைசிக்கு விரட்டிவிடுவாராம். நல்ல பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிகிற மனுசன் ஒரு இரும்புத் துண்டுக்கு நடுங்கினார் என்று நீங்கள் சொன்னபோது, பக்கத்தில் இருந்த நானும் சிரித்துவைத்தேன்.

அப்படிச் சிரித்தது தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவன். முன்னுக்குப் பின் வரும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல முடிகிற விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு அத்தை இருந்தாள். எனக்கு நான்கு வயது இளையவள். ஏழு வயதில் போய்விட்டாள். அய்யன் வாங்கிய ஒரு கோடாலிதான் அவளைக் கொண்டுபோனது என்று உங்கள் அப்பாரு சாகிற வரைக்கும் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தக் கோடாலியின் கதை இது.

யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சில வருஷம் முந்தைய கோடை. மழை இரண்டு வருஷமாக ஏய்த்துவிட்டது. கிணற்றில் தவளை கத்தினால் ஊருக்கே கேட்கும், அவ்வளவு வெறும் கிணறு. எங்களிடம் முப்பது உருப்படி ஆடு இருந்தது. மேட்டுக்காட்டில் மேய ஒரு புல் இல்லாததால், பாரஸ்டுக்காரரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்துக்கு ஓட்டிப் போய்விடலாம் என்று அய்யன் முடிவு செய்தார். அங்கே போனால் பட்டி போட முளை அடிக்க வேண்டும், முள் வெட்டி அடைக்க வேண்டும், ஆட்டுக்குத் தழை கழிக்க வேண்டும், சோறாக்க விறகு பிளக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய கோடாலி. அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டின் பின்னால் நடப்பது ஆட்டுரலைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. இடுப்பில் சொருகுகிற அளவில் கைக்கோடாலி ஒன்று வேண்டும் என்று அய்யன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாமக்கல் சந்தையில் பழைய இரும்பு விற்கிறவன் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். கலப்பைக் கொழு, வண்டிப் பட்டா, உடைந்த தராசுத் தட்டு, இவற்றுக்கு அடியில் இருந்து அய்யன் ஒன்றை உருவி எடுத்தார். துரு அடை அடையாக ஏறியிருந்தது. காம்பு நுழைகிற கண்ணில் ஒடிந்த கட்டை இறுகிக்கிடந்தது.

"ஏனுங்க, இது கோடாலியா, ஆமை ஓடா?" என்றார் அய்யன்.

"தண்ணியில போட்டா ஆமைங்க, தீயில போட்டா கோடாலிங்க. எடுத்துட்டுப் போங்க."

"காம்பு எங்க?"

"மரத்துல இருக்குதுங்க. வெட்டிக்கோணும்."

"மரத்த எதுல வெட்டறது?"

"அதான் கையில வெச்சிருக்கீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யனும் சிரித்தார். நாலணாவைக் கொடுத்து வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவன் யார்தான் அதைக் கேட்பான்?

மூன்று நாள் அதைப் புளிக்கரைசலில் ஊறப் போட்டோம். தினமும் தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டு அதைத் தேய்ப்பது என் வேலை. என் நகக்கண் எல்லாம் கறுத்துப்போனது. தேய்த்துக் கழுவும் தண்ணீர் முதல் நாள் ரத்தம் மாதிரி ஓடியது. இரண்டாம் நாள் காவி. மூன்றாம் நாள் தெளிவு. தங்கச்சி எதிரில் குந்திக்கொண்டு, "அண்ணா, அக்கட்ட இன்னங் கொஞ்சம் அழுக்கு இருக்குது" என்று விரல் நீட்டிக்கொண்டே இருப்பாள். கடைசியில் இரும்பின் சொந்த நிறம் வந்தபோது, அதன் பக்கவாட்டுக் கன்னத்தில் யாரோ ஒரு ஆசாரி குத்திய மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு ரெண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருக்குது" என்றாள்.

கண்ணில் இறுகிக்கிடந்த கட்டையை அடுப்பில் போட்டு எரித்துவிடலாமா என்று கேட்டேன். அய்யன் அதட்டினார். "நம்ம அடுப்புல போட்டா வெட்டற வாய் வெந்து செத்துப் போகும். அப்பறம் வாழைத்தண்டுதான் வெட்டலாம்." உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து அவரே எடுத்தார்.

பிறகு ஆசாரி பட்டறை. ஆசாரி கோடாலியை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"நல்ல இரும்புங்க. எங்க புடிச்சீங்க?"

"கெடச்சுது. பின்னால முளை அடிக்கற மாதிரி தட்டையாப் பண்ணிக் குடுங்க. கன்னத்தக் கொஞ்சம் எளச்சிருங்க. வாய்க்குக் கீழ என்ர விரல் நொழையற அளவுக்கு ஒரு வளைவு வேணும். கிட்டப் புடிச்சுச் சீவோணும் பாருங்க."

"ஏனுங்க, கோடாலி கேக்கறீங்களா, பாக்குவெட்டி கேக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணா வந்தா வேண்டாம்ப்பேனா?"

நான்தான் துருத்தி மிதித்தேன். கோடாலி உலையில் சிவந்து, அதற்கும் மேலே போய் மஞ்சளடித்து வெளியே வந்தது. அடித்தார், மறுபடி காய்ச்சினார், மறுபடி அடித்தார். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் வாயை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்து, கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் நிறம் விளிம்பை நோக்கி ஊர்ந்து வந்ததும் முழுசையும் தண்ணீரில் விட்டார். சொய்ங்ங் என்று ஒரு சத்தம். அந்த இரும்பு தீயில் அத்தனை தடவை போய் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காம்புக்கு அய்யன் இரண்டு வருஷமாகக் கூரைச் சந்தில் சொருகி வைத்திருந்த உசிலங்கட்டையை எடுத்தார். தலைக்குத் தேய்க்கிற அரப்பு இருக்கிறதே, அந்த மரம்தான். ஒன்றரை முழத்துக்கு நறுக்கி, அரிவாளால் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்து வழுவழுவென்று ஆக்கினார். கை நழுவாமல் இருக்க அடியில் கொஞ்சம் தடிப்பு. தோல் வார் கோக்க ஒரு ஓட்டை. புளியங்கட்டையில் ஆப்பு. எல்லாம் முடிந்ததும் தன் முன்கையில் வைத்து இழுத்தார். முடி சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. அந்த இடம் மட்டும் சின்னக் குழந்தையின் தோல் மாதிரி பளபளத்தது. அய்யனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை.

புது ஆயுதத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். அது பெண் பிள்ளையின் வேலை. தங்கச்சி குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அந்த மூன்று புள்ளிக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. அம்மாவின் கிழிந்த துணியை அதற்குச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஆட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அம்மிணி பண்ற?" என்றார் அய்யன்.

"பாப்பா தூங்குதுங்க. சத்தம் போடாதீங்க."

"அது கடிக்கற பாப்பா சாமி. கீழ வையி."

"வைக்கிறனுங்க" என்று அவள் எழுந்தாள். எழுந்தபோது துணி நழுவியது. கோடாலி துணியை விட்டு உருவிக்கொண்டு நேராக அவள் பாதத்தில் இறங்கியது.

கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில். முதலில் அவள் அழவில்லை. காலையே பார்த்தாள். பிறகு ஏதோ புகார் சொல்கிற மாதிரி, "அய்யா, பாப்பா கடிச்சுப் போடுச்சுங்க" என்றாள்.

அம்மா அலறிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த மாமன், அம்மாவின் தம்பி, "துணி கொண்டாங்க, துணி கொண்டாங்க" என்று நின்ற இடத்திலேயே கத்தினார். அய்யன் அவள் காலைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் மாடு கட்டுகிற கட்டுத்தறிக்கு ஓடினேன். மயிலைப் பசு அப்போதுதான் சாணம் போட்டிருந்தது. இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து காயத்தில் அப்பி அமுக்கினேன். வெதுவெதுவென்று இருந்தது, வைக்கோல் வாசம். அம்மா அதன் மேல் துணியைச் சுற்றிக் கட்டினார். ரத்தம் நின்றுவிட்டது.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அரிவாள் பட்டாலும், கொழு கிழித்தாலும் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். வாசல் தெளிக்கிறதும் அது, பிள்ளையார் பிடிக்கிறதும் அது. அதில் கெட்டது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மாமன் என் முதுகில் தட்டினார். "நாம பெரியவங்க நின்னுட்டு ஒப்பாரி வெக்கறோம். இவனப் பாரு, கால்காசு வாங்காத வைத்தியன்!" அய்யன் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பழையதைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாக நான்தான் வைத்தேன். அம்மா வைக்கப் போனால் அவள் காலை இழுத்துக்கொள்வாள். "வேண்டாம், அண்ணன்தான் வெக்கோணும்." மூன்றாம் நாளே அவள் நொண்டிக்கொண்டு கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டாள். என் சாமர்த்தியத்துக்குப் பரிசாக, என்னையும் மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போவதாக அய்யன் சொன்னார். கிளம்பும்போது தங்கச்சி, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேறியின் முனை வரை வந்து நின்றாள். "எனக்கு எலந்தப்பழம் கொண்டாங்க" என்றாள். கோடை காலத்தில் இலந்தை ஏது? "சரி, கொண்டாரேன்" என்றேன்.

பிள்ளைகளே, அடுத்த ஐந்து நாளை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஏனென்றால் நான் வளர்ந்ததிலேயே நல்ல நாட்கள் அவைதான்.

அய்யன் கோடாலியை என் கையில் கொடுத்தார். முதல் முளையை நானே சீவினேன். வாய்க்குக் கீழே இருந்த அந்த வளைவில் விரலை விட்டுப் பிடித்தால் பேனாக்கத்தி மாதிரி சொன்னபடி கேட்டது. திருப்பிப் பிடித்தால் சுத்தியல். தோல் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறித் தழை கழித்தால் ஆடுகள் கீழே முண்டியடிக்கும். உடைமுள்ளை வெட்டிப் பட்டியைச் சுற்றி அடைத்தோம். நான்கு கம்பு நட்டு, மேலே தழை போட்டு, படுக்க ஒரு பந்தல். காய்ந்த கட்டையில் அது விழும்போது 'டங்' என்று ஒரு சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும். "ஆசாரி நெசமாவே பாக்குவெட்டி பண்ணிக் குடுத்துட்டான்" என்று சொல்லிச் சொல்லி அய்யன் சிரிப்பார். சுட்ட கிழங்கை அந்தக் கோடாலியின் கன்னத்தில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

ஆறாம் நாள், பொழுது விடிகிற நேரத்தில் மாமன் வந்தார். பத்து மைல் நடந்து வந்த முகம். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அம்மிணி வாயத் தொறக்க மாட்டேங்கறா."

அய்யன் சிரித்தார். "உட்டுட்டு வந்துட்டமல்ல, கோவம். அவங்கம்மா மாதிரியே."

"இல்லீங்க மாமா" என்றார் மாமன். அவ்வளவுதான் சொன்னார். அய்யனின் சிரிப்பு நின்றது. பக்கத்துப் பட்டிக்காரரிடம் ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கோடாலி அய்யனின் இடுப்பிலேயே வந்தது.

வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தாள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்படித்தான் நினைத்தேன். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் தெரிய, புருவம் மேலே ஏறி. எனக்கு உயிர் வந்தது. குரங்கு மாதிரி முகத்தை வைத்துக் காட்டினேன். எப்போது செய்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போதும் அதே சிரிப்பு இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் மட்டும் சிரிக்கவில்லை. கண் என்னிடம் ஏதோ கேட்டது.

அப்போது அடுப்பங்கரையில் ஒரு மூடி கீழே விழுந்தது. அவள் உடம்பு அப்படியே வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும்தான் பாயில் இருந்தன. நடுவில் என் கை நுழையும், தலை நுழையும், ஒரு பூனைக்குட்டி நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உடம்பு இறங்கியது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே.

அய்யன் முதலில் கால்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். காயம் மூடி, மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நல்ல காயம். "இது ஆறிப்போச்சே" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் காயம் ஆறியதுதான் தெரிந்தது. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமனின் கண் அய்யனின் இடுப்புக்குப் போனது.

"மாமா, அந்தக் கோடாலி ஆரு ஊட்டுது?"

"சந்தையில வாங்குனது."

"ஆரு கையில இருந்ததுன்னு கேட்டீங்களா? எவன் தலையில எறங்குனதோ! முனியப்பன் கோயில்ல நேந்து உட்டதக் களவாண்டு விக்கறானுகன்னு சொல்றாங்க. மூணு புள்ளி குத்தியிருக்குதே, அது என்னன்னு கேட்டீங்களா?"

அய்யன் எழுந்துகொண்டார். கோடாலியை உருவி, வாசலுக்கு வெளியே, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

மாமன் போய்ப் பூசாரியை அழைத்துவந்தார். பூசாரி நல்ல மனுசர், பணம்கூடக் கேட்கவில்லை. உச்சி வெயிலில் உடுக்கையை எடுத்து அடித்தார். முதல் அடிக்கே அவள் விறைத்தாள். அடுத்த அடிக்கு வளைந்தாள். "பாத்தீங்களா, எறங்க மாட்டேங்குது" என்று சொல்லி அவர் இன்னும் வேகமாக அடித்தார். அவர் அடிக்க அடிக்க அவள் வளைய, அவள் வளைய வளைய அவர் அடிக்க. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடி விழுந்தது, உடுக்கை அடித்தது. இரண்டும் சத்தம். எனக்கு அது புரிந்துவிட்டது.

"மாமா, சத்தங் கேட்டாத்தான் அவளுக்கு வருதுங்க" என்றேன்.

"வாய மூடு. பெரியவங்க இருக்கறப்ப."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவளும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தாள்.

ஆனால் அய்யன் அதைக் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அவளையும் உடுக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பூசாரியின் கையைப் பிடித்தார். "போதுஞ் சாமி. நிறுத்திப் போடுங்க." மாமன் ஏதோ சொல்ல வந்தார். அய்யன் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார். "வண்டியப் பூட்டு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

வண்டியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். கிளம்புகிற நேரத்தில் அய்யன் முன்னால் போய் இரண்டு மாட்டின் கழுத்திலும் இருந்த சலங்கையை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது ஒரு மணிகூடச் சத்தம் போடாதபடி கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். பன்னிரண்டு மைல். கல் இருக்கிற இடத்தில் எல்லாம் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பிடித்து இறக்கினார். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். பாதி வழியில், ஒரு புளிய மர நிழலில், அய்யன் மாட்டை நிறுத்தச் சொன்னார். வண்டிக்குள் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு, "திருப்பு" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து அய்யன் அந்தக் கோடாலியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆசாரி பட்டறைக்குப் போனார். நானும் போனேன்.

"இத உரு தெரியாமப் பண்ணிப் போடுங்க."

ஆசாரி வாங்கவில்லை. "இரும்பு என்னுங்க பண்ணுச்சு? தீயில அத்தனவாட்டி போயிட்டு வந்துதே. அதுல ஒண்ணும் ஒட்டியிருக்காதுங்க."

"பண்ணிப் போடுங்க."

காம்பைத் தட்டிக் கழற்றி அய்யனே உலையில் போட்டார். விளக்கெண்ணெய் ஊறிய காம்பு, குப்பென்று எரிந்தது. தங்கச்சி செத்ததற்கு அழுத நான், அந்தக் காம்பு எரிகிறதைப் பார்த்தும் அழுதேன். அதற்காக வெட்கப்பட்டேன், இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. கோடாலி காய்ந்து, அடிபட்டு, ஒரு கருணைக்கிழங்கு மாதிரி உருண்டை ஆனது. அய்யன் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் இருந்த பெரிய கோடாலியையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லிச் சிரிக்கிற அந்த மனுசர் ஆனார்.

மலையடிவாரத்தில் ஆட்டை மேய்க்கிறபோது அவர் முள்ளைக் கையால் ஒடிப்பார். கை முழுக்க ரத்தக் கோடு. ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. சாகிறதற்கு முந்தைய நாள், தண்ணீர் கொடுக்க நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாலணாவுக்கு ஆசப்பட்டுட்டன் சாமி. ஆசாரிகிட்டச் சொல்லிப் புதுசாவே பண்ணியிருக்கோணும்." ஏழு வயசுப் பிள்ளையை நாலணாவுக்கு விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். உங்களில் மூத்தவனுக்கு நினைவிருக்கலாம், அவனுக்கு அப்போது எட்டு வயது. வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போய் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டான். அவன் கத்தின கத்தலில் நான் ஓடினேன். ஓடி, என்ன செய்தேன் தெரியுமா? கட்டுத்தறிக்குப் போய் ஒரு கை சாணம் அள்ளிவந்து அப்பினேன். அதே மாதிரி. யோசிக்கவே இல்லை. காயம் ஆழமாக இருந்தது, தையல் போட வேண்டியிருக்கும் என்றுதான் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு நர்சம்மா, தெற்கத்திப் பேச்சு. துணியைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

"இது என்னதுய்யா?"

"சாணிங்க."

"எந்தப் புத்திசாலி வச்சான்?"

"நாந்தானுங்க."

"பெத்த பிள்ளைக்கு நீரே விஷத்தைப் பூசிக்கிட்டு வந்திருக்கீரே, நல்லா இருப்பீரா?" பையனின் காலைப் பிடித்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே திட்டினார். "ரண ஜன்னிக் கிருமி, அதான் டெட்டனஸ், எங்க இருக்குன்னு நினைச்சீரு? மண்ணுல இருக்கு, சாணியில இருக்கு. காயத்துக்குள்ள போயிட்டா, மேல காயம் ஆறிடும், உள்ள அது வேலையைப் பாத்துக்கிட்டிருக்கும். ஏழு நாள், எட்டு நாள். அப்புறம் வாய் பூட்டிக்கிடும்."

நான் பக்கத்தில் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, ரத்தத்தைப் பாத்து மயக்கமா?"

"இல்லீங்க. எனக்கு ஒரு தங்கச்சி. கோடாலி பட்டுதுங்க. எட்டாவது நாளு…"

அவர் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. குரலும் இறங்கியது.

"முகம் சிரிச்ச மாதிரி இருந்துச்சா?"

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை. அய்யனிடம் சொன்னதில்லை, உங்கள் அம்மாவிடம் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று முப்பது வருஷம் எனக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன். அது சிரிப்பு இல்லை என்று, முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாங்க" என்றேன். பிறகு கேட்டேன், "கோடாலில துரு இருந்துதுங்க. அதனாலயா இருக்குமோ?"

"துருவோடவா இருந்துச்சு, வெட்டினப்போ?"

"இல்லீங்க. தேச்சு, உலையில காச்சி அடிச்சு… பளபளன்னு இருந்துதுங்க."

"அப்ப இரும்பு இல்லய்யா" என்றார்.  யார் சாணம் வைத்தது என்று கேட்கவே இல்லை. என் முகத்திலேயே அது இருந்திருக்கும். மூத்தவனுக்கு ஊசி போட்டு, தையல் போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார். அவன் பிழைத்து இன்றைக்கு உங்களோடு சேர்ந்து தன் அப்பாருவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பஸ்ஸில் வரும்போது அவன் என் தோளில் தூங்கிவிட்டான். எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள். ஒரு நாள்கூட விடவில்லை. அண்ணன்தான் வெக்கோணும் என்று அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் என் அம்மா வாசலிலேயே நின்றார். "டாக்டரு என்ன சாமி சொன்னாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்கம்மா, ஊசி போட்டாங்க" என்றேன். அன்றைக்குச் சாணத்தின் மேல் துணி சுற்றிக் கட்டிய கை அவருடையது. அவர் போகும்வரை நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன நினைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

பையனைப் படுக்க வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தனியாக எங்கள் மேட்டுக்காட்டுக்குப் போனேன். அய்யனை எரித்த மேற்கு மூலை உழாமல் கிடந்தது. அங்கே நின்று சுற்றும்முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு வார்த்தை சொல்லத்தான் போயிருந்தேன். ஒன்று அவருக்காக, ஒன்று எனக்காக.

"அய்யா, கோடாலியில்லீங்க" என்றேன். அது சுலபமாக வந்துவிட்டது.

இரண்டாவது வரவில்லை. சாணம் அள்ளிய என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், அவருக்கு முன்னால் செருப்போடு நின்றுகொண்டிருக்கிறேன். கழற்றி வரப்பு ஓரத்தில் ஜோடியாக வைத்தேன். வெறுங்காலோடு திரும்பி வந்து நின்று, அதையும் சொன்னேன்.